நான்கே கால் சுற்று

இழுத்த செம்புத் தண்டையும் முறுக்கிய செம்புத் தண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க ஒரு சூத்திரம் உண்டு. இரண்டும் சமமாக உருக்குலைந்திருந்தால் சமமாக உறுதிப்பட்டிருக்க வேண்டும். அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி அதில்தான் நின்றது. ஆனால் முறுக்கல் பெரிதாகப் பெரிதாக, முறுக்கிய தண்டுகள் சொல்லிவைத்தாற்போல் உறுதியில் பின்தங்கின. நான்கு மணிக்குள் காரணம் சொல்லாவிட்டால் ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடுவதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

மணி இரண்டரை. ஒரு தண்டைக் கையில் எடுத்தாள். முறுக்குமுன் நீளவாக்கில் கீறிய நேர்கோடு, இப்போது கொடிபோல் சுற்றிக் கிடந்தது. சும்மா நகத்தால் தடவிக்கொண்டே போனாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அப்புறம் ஒரு கால். இயந்திரத்தின் எண்காட்டி ஐந்து என்று சொல்லியிருந்தது. மறுபடி எண்ணினாள். நான்கே கால்தான்.

முனையைத் திருப்பிப் பார்த்தாள். இயந்திரத்தின் பிடிக்குள் இருந்த வழவழப்பான பகுதியில் வளையம் வளையமாகச் சிராய்ப்பு.

இரண்டிரண்டு படியாகப் பட்டறைக்கு இறங்கி ஓடினாள். லேத்தில் நின்றிருந்தவன் அவள் கணவன். தண்டுகளைக் கடைந்து தருபவனும் அவனேதான்.

"என்னங்க, இந்த முனை ஏன் இப்படி வழவழன்னு இருக்கு?"

"பாலிஷ். நமக்கு நிச்சயம் ஆனதுலேருந்து உன் தண்டுக்கெல்லாம் போடறேன். இப்பத்தான் கண்ணுல பட்டுச்சாக்கும்."

"பிடிக்குள்ள போற முனைக்குமா?"

"வேற யாருக்கும் போட மாட்டேன்," என்றான் பெருமையாக.

"வழுக்குதுங்க. மிஷின் சுத்துது, தண்டு சுத்தல. சுத்தாததையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கேன்."

அவன் முகம் விழுந்துவிட்டது. "உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே."

"சொல்லத்தான் போறேன், மாப்பிள்ளை பாசம் தாங்கலைன்னு. லேத்தை நிறுத்திட்டு வாங்க."

மேலே இழுப்பறையில் பதினொரு தண்டுகள். எண்ணெய் விரலால் அவன் சுற்று எண்ணினான். அவள் கணக்கிட்டு வரைபடத்தில் புள்ளி வைத்தாள். புள்ளிகள் ஒவ்வொன்றாக இடம்மாறி, இழுத்த தண்டுகளின் கோட்டருகே வந்து உட்கார்ந்தன.

"எட்டாவது?"

"மூணே முக்கால். இரு, இரு, மூணரை."

"வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க."

"உன் அவசரத்துல எனக்கும் எண்ணிக்கை தப்புது."

பதினோராவது புள்ளியை வைத்தபோது பேராசிரியர் உள்ளே வந்தார். வரைபடத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"முனை வழுக்கியிருக்கு சார்," என்றாள், கணவனைப் பார்க்காமல்.

"பாலிஷ் போட்டது நான்தான் சார்," என்றான் அவன்.

"ஏன்யா?"

அவன் அவளைப் பார்த்தான். பேராசிரியருக்குப் புரிந்துவிட்டது.

"அத்தியாயம் இருக்கட்டும்மா. பிழைக்கான காரணம்னு ஒரு பத்தி சேர்த்துடு. அதை எப்படி எழுதறதுங்கறது உங்க ரெண்டு பேர் பாடு."