நூற்றுக்கு ஒன்றரை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. யார் மேல் கோபம் என்பதைத்தான் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. முதல் படியில் கம்பெனி மேல் கோபப்பட்டிருந்தேன். இரண்டாவதில் சியூகிம் அக்கா மேல். மூன்றாவதில் மீன்கள் மேலேயே பாய்ந்திருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுக் கிழித்துப் போட்டேன். இது நாலாவது.

பெய்மென் பக்கத்துக் கரையோர ஊர் எங்களுடையது. வீடுகளைவிடக் குளங்கள் அதிகம். குளம் முழுக்கப் பால்மீன். கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும், ஊர்க்காரர்கள் வளர்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள். நான் அந்தக் கம்பெனியில் மீனை எடை போடுகிறவன். கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. பயம்தான், வேறென்ன.

இன்று காலை பத்து மணிக்குக் கோயில் முன்னால் கூட்டம் இருக்கிறது. இப்போது மணி எட்டு. அதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

2

தொடக்கம் ஒன்று: "விடியலின் பொன்னொளியில் குளங்கள் தகதகத்தன. ஒற்றைக் கொக்கு ஒன்று தவமிருக்க—"

வேண்டாம். கொக்கைக் கண்டால் எங்கள் ஊரில் கல்லெடுப்போம். அதை வர்ணித்துக்கொண்டு நிற்க மாட்டோம்.

தொடக்கம் இரண்டு: "மீனின் உடல் எடையில் நூற்றுக்கு எத்தனை பங்கு தீவனம் இட்டால் உகந்த வளர்ச்சி கிடைக்கும் என்பது நெடுநாள் கேள்வியாகும்."

இது கம்பெனி அறிக்கையின் முதல் வரி. எழுதியவன் நான்தான். "ஆகும்" போட்டு எழுதுகிறவனை நம்பாதீர்கள்.

தொடக்கம் மூன்று, இதையே வைத்துக்கொள்கிறேன்: போன வருடம் ஐந்தாம் மாதக் கடைசியில் மேலாளர் தெக்சிங், சியூகிம் அக்காவின் மூன்று குளங்களைச் சோதனைக்கு எடுத்தார். முதல் குளத்து மீன்களுக்குத் தினமும் அவற்றின் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு தீவனம். இரண்டாவது குளத்துக்கு மூன்று பங்கு. மூன்றாவதற்கு, மீன் போதும் என்று விலகிப் போகும்வரை. மொத்தம் தொண்ணூறு நாள். மூட்டைகளை நான் எடை போட்டுக் கட்டிக் கொடுத்தேன். இதைத் தவிர ஒரு பிடி வெளித்தீவனம்கூடப் போடமாட்டேன் என்று அக்கா தாளில் கையெழுத்துப் போட்டாள்.

(இடைக்குறிப்பு: தீவனம் கூடினால் மீன் வளரும். ஓர் அளவுக்கு மேல் போட்டால் மீன் தின்னாது, மிச்சம் அடியில் மக்கித் தண்ணீரைக் கெடுக்கும். குறைத்தால், தின்பது உயிரைப் பிடித்து வைக்கவே சரியாகப் போகும், சதை வைக்காது. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்குத் தெரிய வேண்டியிருந்தது, எவ்வளவு குறைத்தால் மீன் காட்டிக் கொடுக்காது என்பதுதான்.)

3

அக்காவை எழுதுவதில்தான் தகராறு. போன படியில் அவளை இளகிய மனசுக்காரியாக எழுதி, கண்ணோரம் நீர்த்துளியெல்லாம் வைத்திருந்தேன். படித்தால் அவளே காறித் துப்புவாள். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. வாய் நிறையப் பாக்கு. எதிரே வருகிறவனிடம் முதலில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாள், அடுத்த மூச்சில் "இப்பவே தொப்பை இறங்குது, போதும்" என்பாள். மூன்று குளத்தையும் தனியாளாகப் பார்க்கிறாள். மோட்டார் பழுதானால் தானே பிரித்து மாட்டுவாள்.

ஒன்றரைப் பங்குக் குளம் அவள் சமையற்கட்டுக் கதவை ஒட்டி இருந்தது. மற்ற இரண்டும் சாலைக்கு அந்தப் பக்கம். அவள் கதவைத் திறந்தால் போதும், காலடிச் சத்தத்துக்கு அந்தக் குளத்து மீன் அத்தனையும் கரைக்கு வந்துவிடும். தன் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தின்று பார்த்தாள். ஜன்னலை மூடிப் பார்த்தாள். யானைப் பசிக்குச் சோளப்பொரி போடுகிறோம் என்று என்னிடமே இரண்டு முறை திட்டினாள். ஆனாலும் ஆறாம் மாதம் முழுக்கக் கையெழுத்தை மதித்தாள்.

பிறகு ஏழாம் மாதம் பிறந்தது. எங்கள் ஊரில் அந்த மாதம் அலைகிற ஆவிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நல்ல அண்ணன்தம்பிகள் என்றுதான் சொல்வோம். வாசலில் மேசை போட்டு, ஊதுபத்தி ஏற்றி, சோறும் சேமியாவும் பிஸ்கட்டும் வைத்து அவர்களுக்குச் சாப்பாடு போடுவோம். பெயர் தெரியாதவனும் பசியோடு போகக்கூடாத மாதம். அந்த மாதத்தில் வாசலில் நாலாயிரம் வாய் திறந்து நின்றால் எங்கள் ஊர்ப் பொம்பளை என்ன செய்வாள்?

படைத்த சோற்றைக் குளத்தில் போட்டாள். மறுநாள் தவிடு. அதற்கு மறுநாளும். மாதம் முடிந்தபோது நிறுத்தத்தான் நினைத்தாளாம், கை நிற்கவில்லை. தொண்ணூறாவது நாள் வரைக்கும் சோறும் தவிடுமாகப் போட்டாள்.

கம்பெனியில் எத்தனையோ படித்தவர்கள் கூடி அட்டவணை போட்டார்கள். ஒருவருக்கும் நாள்காட்டியைப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும்தான். நான் இதே ஊரில் பிறந்தவன்.

4

எடை போட்ட நாள். மூன்று பங்குக் குளத்தில் சராசரி நானூற்றிருபது கிராம். வயிறு நிறையத் தின்ற குளத்தில் நானூற்று முப்பத்தைந்து. ஒன்றரைக் குளத்தில் நானூற்றுப் பத்து.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போச்சு?

வழக்கப்படி குளத்துக்கு மூன்று மீனை அறுத்தேன். ஒன்றரைக் குளத்து மீனின் குடலில் தவிடு. இன்னொன்றில் சோற்றுப் பருக்கை, முழுசாக, வெள்ளையாக. மேலாளர் தெக்சிங் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "வயித்துல இருக்கறதையெல்லாம் யாரு கேட்டா? எடையை மட்டும் எழுதுய்யா" என்றார். அறிக்கையில் குறிப்பு என்ற கட்டத்தில் "ஏதுமில்லை" என்று எழுதினேன்.

(இந்தக் காட்சி நன்றாக வந்திருக்கிறது. தெக்சிங்கின் பேச்சு, அந்தத் தோள், எல்லாம். இதற்குத் திரும்பி வரவேண்டியிருக்கும்.)

5

இந்த வருடம் ஊர் முழுக்க ஒன்றரைப் பங்கு. ஒரு குளத்துக்கும் விலக்கில்லை. வெளித்தீவனம் பிடிபட்டால் ஒப்பந்தம் ரத்து என்று கரைக்குக் கரை பலகை நட்டார்கள். பத்தாம் மாதம் வலை போட்டபோது மீன் எப்படி இருந்தது என்று எழுதப் பார்த்தேன். "தலை மட்டும் வளர்ந்து உடம்பு—" முடிக்கப் பிடிக்கவில்லை. சராசரி இருநூற்றெழுபது கிராம். எடை போட்டவன் நான்.

கம்பெனி தன் அட்டவணையைச் சந்தேகிக்கவில்லை. போன வருடம் இதே அளவில் நானூற்றுப் பத்து வந்ததற்குத் தாள் இருக்கிறது, ஆகவே ஊர்க்காரர்கள் தீவனத்தைத் திருடி வெளியே விற்றிருக்கிறார்கள் என்றது. ஒருவரைப் பிடித்தால் மற்றவர்கள் வழிக்கு வருவார்கள் இல்லையா? அதனால் குளத்தில் மிக மெலிந்த மீன் வைத்திருந்த லிம் பூன்தோங்கைப் பிடித்தார்கள். இன்று கூட்டத்தில் அவர் பெயரைத் திருடன் என்று படித்துக் குளத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். அதற்குப் பிறகு இந்தக் கடற்கரையில் ஒரு கம்பெனியும் அவருக்குக் குஞ்சு தராது.

பூன்தோங் எப்படிப்பட்டவர் என்றால், பலகையில் எழுதியிருந்ததை எழுத்துக்கு எழுத்து மதித்தவர். அவர் மீன் மட்டும் மிகவும் மெலிந்துபோனதற்கு அதுதான் காரணம். மற்ற எல்லோரும் ஏழாம் மாதத்தில் ஒரு கைப்பிடியாவது போட்டிருக்கிறோம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

6

நேற்று மதியம் சியூகிம் அக்கா எடைக் கொட்டகைக்கு வந்தாள். பாக்கைத் துப்பிவிட்டு வந்தாள், அதிலிருந்தே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"தம்பி, நாளைக்கு நான் எந்திரிச்சுச் சொல்லிடப் போறேன். ஒன்றரைக் குளத்துக்கு நான்தான் தீனி போட்டேன்னு."

கையெழுத்துப் போட்ட தாள் கம்பெனியிடம் இருக்கிறது, மூன்று குளமும் போய்விடும் என்றேன்.

"போவட்டும். எனக்கு மோட்டார் ரிப்பேர் தெரியும், பொழைச்சுக்குவேன். அந்த ஆளுக்கு மீனைத் தவிர என்ன தெரியும்? திருடன்னு எழுதிட்டாங்கன்னா எங்க போவான்?"

அவள் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஆனா நான் வெறும் வாயால சொன்னா, பக்கத்து வீட்டுக்காரனைக் காப்பாத்தப் புளுகுறான்னு தெக்சிங் சிரிப்பான். அதுக்குத்தான் உன்னைக் கேக்குறேன். அன்னிக்கு மூணு மீனை அறுத்தியே. வயித்துல உனக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"கவனிக்கல அக்கா" என்றேன்.

தட்டைத் தராசில் மாட்டினாள். "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள்.

7

மாற்று முடிவுகள்.

(அ) அக்கா எழுந்து சொல்கிறாள். ஊரே கண்கலங்குகிறது. கம்பெனி தலைகுனிகிறது. கம்பெனிக்குத் தலை ஏது, குனிய?

(ஆ) அக்கா எழுந்து சொல்கிறாள். தெக்சிங் சிரிக்கிறார். பூன்தோங்கின் குளமும் போகிறது, அக்காவின் குளங்களும் போகின்றன. இதுதான் நடக்கும்.

(இ) பூன்தோங்கே எழுந்து, திருடியது நான்தான் என்று ஒத்துக்கொண்டு அக்காவை—

நிறுத்து. மூன்று முடிவிலும் யார் யாரோ எழுந்து நிற்கிறார்கள். ஒருவன் மட்டும் மூன்றிலும் உட்கார்ந்தே இருக்கிறான். அவனை இவ்வளவு சாமர்த்தியமாக உட்கார வைத்தது யார்?

8

நாலாம் பகுதிக்குத் திரும்புகிறேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. தெக்சிங் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கவில்லை. அன்று அவர் வெயிலுக்குப் பயந்து காரில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். குடலில் இருந்த சோற்றைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். எழுதாதே என்று யாரும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் சோற்றையே மறைத்தேன்.

ஏன்? அக்காவுக்குத் தொல்லை வரும் என்று நினைத்ததாகப் போன வாரம் வரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் கால் பங்கு உண்மை. மீதி இது: சோற்றை எழுதினால் சோதனை பாழ், மறுபடி தொண்ணூறு நாள் எடை போட வேண்டும். வெயில் கொளுத்தியது. எண்கள் அழகாக வந்திருந்தன. மேலே இருப்பவர்கள் கேட்க ஆசைப்பட்ட எண்கள் அவை. எனக்கும் பசி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். இவ்வளவுதான் காரணம். இதற்குத்தான் ஒரு மனிதர் இன்று திருடனாகப் போகிறார். அவன் மேல் இவன் மேல் என்று ஊரெல்லாம் தேடிய கோபம் இங்கேதான் இருந்திருக்கிறது.

ஒரு விஷயம் பாக்கி. அறிக்கையில் "ஏதுமில்லை" என்று எழுதும் முன், வழக்கம்போல என் எடை நோட்டில் குறித்துவிட்டேன். தேதி, குளம் ஒன்று, ஒரு மீனில் "தவிடு", இன்னொன்றில் "சோறு", என் கையெழுத்து. அந்த நோட்டை எரிக்கவும் துணியவில்லை, காட்டவும் துணியவில்லை. வேறு வெள்ளைத்தாள் கிடைக்காததால், இந்தக் கதையை அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதிக்கொண்டு வருகிறேன். (வெள்ளைத்தாள் கிடைக்கவில்லை என்பதும் பொய். அலமாரியில் ஒரு கட்டு இருக்கிறது.)

9

மணி ஒன்பதே முக்கால். கோயில் ஒலிபெருக்கி கரகரக்கிறது. சாலையில் அக்காவின் ஸ்கூட்டர் போகிற சத்தம் கேட்டது. என் வாசலில் வேகம் குறைந்தது, நிற்கவில்லை.

முடிவை நான் எழுதப்போவதில்லை. அது நீங்கள் இருக்கும் இடத்தில் இருக்கிறது. கோயில் முன்னால் கூட்டத்தோடு நின்று, யாரோ ஒருவன் இந்தத் தாள்களைப் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அவன் கையைப் பிடித்துத் தாளைத் திருப்பச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கும்.

அப்படியில்லாமல், உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து தனியாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், நான் போகவில்லை.