அளக்காத கோடு

அக்கா, விடிந்ததும் இதைப் படி. பயமாக இருக்கிறது, கோபமாகவும்தான்.

நம் ஷூக் கடையில் கால் அளவு எடுக்கிற அந்தப் பழைய புரோகிராமைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கச் சொன்னார் சித்தப்பா. மூன்று நாள் முட்டி மோதி ஓட வைத்தேன். திரையின் கீழே கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று படத்தைக் கொஞ்சம் கீழே இழுத்து நிரப்பினேன்.

முதல் தடவை திறந்தால் புரோகிராம் படுத்த கோடு ஒன்று, நின்ற கோடு ஒன்று காட்டும். ஸ்கேலால் இரண்டையும் அளந்து எண்ணைப் போட வேண்டும். நான் படுத்த கோட்டை மட்டும் அளந்து, நின்ற கோட்டுக்கும் அதே எண்ணைப் போட்டேன். திமிர்.

அப்பா வழக்கம்போல் கண்ணாடித் தாளில் வரைந்த பாதத்தைத் திரையில் நின்றவாக்கில் ஒட்டி, ஓரமெல்லாம் மவுஸால் புள்ளி வைத்தார். நான்கு பேருக்கு ஷூ போனது. நான்கு பேருமே சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள்.

அவர்களில் ஒருவரான பஸ் கண்டக்டர் இன்று வந்தார். "ஷூ சூப்பர்ணே, ஒரு வலி இல்ல" என்று சிரித்தபடி கழற்றினார். பெருவிரலில் சாக்ஸ் ரத்தத்தோடு ஒட்டியிருந்தது. அப்பா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நான் நின்ற கோட்டை அளந்தேன். படத்தைக் கீழே இழுத்ததில் அது நீண்டிருந்தது. ஒவ்வொரு ஷூவும் ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் குட்டை.

சித்தப்பாவிடம் சொன்னேன்.

"எண்ண மாத்திட்டு வாய மூடிட்டு இரு. அண்ணனுக்குத் தெரிய வேணாம்."

"இன்னும் மூணு பேர் போட்டுட்டுத் திரியறாங்க சித்தப்பா."

"எவனாச்சும் வலிக்குதுன்னு வந்தானா?"

"வலி தெரியாதுன்னுதானே நம்மகிட்ட வர்றாங்க."

"பெரிய இவ. கடைய மூடிட்டு எல்லாரும் தெருவுல நிக்கலாமா? பண்ணது நீ, ஞாபகம் வச்சுக்க."

ஆனாலும் அப்பா திரும்பி வந்ததும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். "போனை எடு" என்றார், அவ்வளவுதான்.

இரண்டு பேர் உடனே எடுத்தார்கள். கால் நன்றாக இருக்கிறதாம், ஷூவை இனி தொட மாட்டார்களாம். மூன்றாமவரான நூலகத்து அம்மா எடுக்கவில்லை. அப்பா ஸ்கூட்டரில் அவர் வீட்டுக்குக் கிளம்பினார். நான் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒருவழியாக எடுத்தார்.

"ஷூவ இனிமே போடாதீங்கம்மா. விளக்கப் போட்டு விரல் நுனியப் பாருங்க."

"எனக்கு வலியே இல்லையேம்மா."

"அதுக்குத்தான் பாக்கச் சொல்றேன்."

விளக்கு ஸ்விட்ச் போடும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "செவந்திருக்கு. தோல் கிழியல."

நான் அழுதுவிட்டேன். பின்னால் நின்ற சித்தப்பா, "பாத்தியா, ஒண்ணும் ஆகல. வீணா ஊரக் கூட்டிட்ட" என்றார்.

கண்டக்டருக்கு விரல் தங்குமா என்று காலையில்தான் டாக்டர் சொல்வாராம். அதைக் கேட்டபிறகும் இந்த மனிதர் இப்படிச் சொல்கிறார், அக்கா. இனி அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியாது.