பிரிக்காத கவர்

காரைக்காலில் பிறந்து, காரைக்காலிலேயே பால்பல் விழுந்தவனுக்கும் காரைக்காலில் தங்க விசா வேண்டும். பிரெஞ்சுக் குடிமகன் என்றால் சட்டம் அப்படி. அந்தச் சட்டத்துக்குக் காவலாக, வெளிநாட்டார் பதிவுப் பிரிவில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தவர் குமாஸ்தா கைலாசநாதன்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சவியே என்பவன், படுத்த படுக்கையாகிவிட்ட தாய் மத்லேனைப் பார்க்க வந்திருந்தான். அவன் விசா திங்கட்கிழமையோடு முடிகிறது.

"டாக்டர் ஒரு வாரம்ங்கிறாரு சார். கடைசிவரைக்கும் அம்மா கூட இருந்துட்டுப் போயிடுறேன். ஒரு மாசம் நீட்டிக் குடுங்க."

கைலாசநாதனே மனு எழுதிப் புதுச்சேரிக்கு அனுப்பினார்.

வியாழக்கிழமை பதில் வந்தது. நீளமான பழுப்புக் கவர். இத்தனை வருஷத்தில் அப்படி வந்த எதிலும் நல்ல வார்த்தை இருந்ததில்லை. பிரித்தால் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கித் திங்கட்கிழமைக்குள் கிளப்பிவிட வேண்டும். பிரிக்காத வரை பதில் வரவில்லை என்றுதானே அர்த்தம்? கைலாசநாதனுக்கு இரக்கம் வரவேண்டிய நேரமா அது! கவரை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார்.

மறுநாள் சவியே வந்தான்.

"பதில் வரலைங்க. வர்ற வரைக்கும் இருங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

"நாள் தாண்டுனா அடுத்த தடவை உள்ள விடமாட்டாங்க சார். தங்கச்சி இங்கதான இருக்கு, நான் வந்து போவணும்."

சனிக்கிழமை, நினைவில்லாமல் கிடந்த தாயின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, சவியே விமானம் பிடிக்கச் சென்னை பஸ் ஏறினான்.

செவ்வாய்க்கிழமை மத்லேன் கண்ணை மூடினாள். சேதி கேட்ட பிறகுதான் கைலாசநாதன் கவரைப் பிரித்தார். ஒரு மாதம் தங்க அனுமதி கொடுத்திருந்தார்கள். மடித்து மறுபடி டிராயரிலேயே வைத்தார்.

அடக்கம் முடிந்து, சவியேயின் தங்கை கொலெத் நன்றி சொல்ல வந்தாள்.

"நடுவுல ஒரு தடவை அம்மாவுக்கு நினைவு வந்துச்சு சார். சவியே எங்க, சவியே எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நீங்களும் உங்களால ஆனதெல்லாம் செஞ்சீங்க."

கடிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தால் ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரிந்திருக்காது. அவருக்கு மனசு வரவில்லை. எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இங்கிலீஷ்ல இருக்கு. என்ன சார் போட்டிருக்கு?"

படித்துச் சொன்னார்.

"எப்ப வந்துச்சு இது?"

"வியாழக்கிழமை."



"அண்ணன் சனிக்கிழமைதான சார் கெளம்புச்சு" என்றாள்.