மட்டமாகப் படுத்த மேஸ்திரி

டைல்ஸ் மேஸ்திரி ஒரு குளியலறைச் சுவரில் மூன்றாவது வரிசை ஒட்டிக்கொண்டிருந்தபோது, இடது கண்ணில் கறுப்பாக ஏதோ கீழிருந்து ஏறியது. சுவர்தான் கோணல் என்று வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனார். அவருக்குக் கல் அறுத்துக் கொடுப்பது அவர் மனைவி. அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினை அணைத்தாள்.

"வலது கண்ணை மூடிக்கிட்டு என்னைப் பாருங்க. என்ன தெரியுது?"

"கழுத்துக்குக் கீழ ஒண்ணும் காணோமே!"

"வாய் தெரியுதில்ல, அது போதும். கிளம்புங்க டாக்டர்கிட்ட."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "விழித்திரை பிரிஞ்சிருக்கு. நாலாம் நாள் ஆபரேஷன். நடுப்பகுதி இன்னும் பிரியலை. அதுவும் பிரிஞ்சுட்டா பழைய பார்வை வர்றது கஷ்டம். அதுவரைக்கும் தலையை ஆட்டாம மட்டமா படுங்க."

மேஸ்திரி இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார். ஒற்றைக் கண்ணால் ஆணி அடித்துவிடலாம். இரண்டு சுவர் சேரும் மூலையில் மயிரிழைப் பிசகைப் பிடிக்க முடியுமா? அதைப் பிடிக்கத் தெரிந்ததால்தானே அவர் மேஸ்திரி!

இருபத்தாறு வருஷத் தொழிலில் மட்டம் என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். வீட்டுக்கு வந்ததும் ரசமட்டத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதை நெற்றியில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். அதன் கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் குமிழி நடுவில் நிற்க வேண்டுமாம். கட்டில் காலுக்கு அட்டை சொருகியே அரை நாள் போனது. குமிழியைப் பார்த்துச் சொல்வது மனைவியின் வேலை.

"என்னங்க, குமிழி வலது பக்கம் ஓடுது!"

"மூக்கு அரிக்குதுடி."

"நான் சொறிஞ்சு விடறேன். நீங்க அசையாதீங்க."

ஆறுதல் சொல்ல வந்த அவள் தம்பி, அத்தான் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்தினான். அப்படியும் சிரிப்பு பீறிட்டுவிட்டது. "தெருவுல போய்ச் சிரிடா, இவருக்குத் தொத்திக்கும்" என்று அக்கா அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

மூன்றாம் நாள் மேஸ்திரியின் குரல் இறங்கிவிட்டது. "கண்ணு போயிட்டா நீ வேற மேஸ்திரிகிட்ட வேலைக்குப் போயிடு."

"போறேன், போறேன். பேசாதீங்க, குமிழி ஆடுது."

நாலாம் நாள் காலை டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பக்கத்து அறை டாக்டரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

"ஒட்டிக்கிச்சு!"

"எதுங்க?"

"விழித்திரைங்க! தானாவே ஒட்டிக்கிச்சு. ஆயிரத்துல ஒருத்தருக்கு நடந்தா அதிகம். அதுல விழுந்திருக்கற ஓட்டையைச் சுத்தி லேசர் வச்சா போதும், ஆபரேஷன் வேணாம். அப்படி என்னதான் பண்ணீங்க?"

மனைவி ரசமட்டத்தின் கதையைச் சொன்னாள். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மட்டமான்னா தலையணை வேணாம்னுதாம்மா அர்த்தம்! வெளியில யாருக்கும் இதை வைத்தியம்னு சொல்லிடாதீங்க. எல்லாருக்கும் இப்படி ஒட்டாது."

லேசர் முடிந்து வெளியே வந்தபோது மேஸ்திரிக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி மட்டும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்தாள். நாலு நாளாக அவரை ஓட்டு ஓட்டு என்று ஓட்டியவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மேஸ்திரி அரண்டுபோனார்.

"அடியே, சரியாயிடுச்சுடி! இப்ப எதுக்கு அழற?"

"சரியாகலைன்னா அழ முடியுமா? அப்ப நான் சிரிச்சுக்கிட்டேல்ல இருக்கணும்."