லாசருக்கு ஆள் கிடைப்பதில்லை

எங்கள் பங்குக் கோயிலில் வருஷா வருஷம் புனித வாரத்தில் பாஸ்கா நாடகம் போடுவோம். இயேசு வேஷத்துக்கு அடிதடியே நடக்கும். யூதாஸுக்குக்கூட சிபாரிசு பிடித்துக்கொண்டு வருவார்கள். லாசருக்கு மட்டும் ஆள் கிடைக்காது. இயேசு வந்து உயிரோடு எழுப்புகிறவரை லாசர் செத்துக் கிடக்க வேண்டும். வெள்ளைத்துணி சுற்றி, கால் பெருவிரலைக் கட்டி, நாலு பேர் தூக்கிவந்து அட்டைக் கல்லறைக்குள் வைப்போம். உயிரோடு இருக்கிறவரைப் பொணமாக்குகிறீர்களா என்று வீட்டுக்காரிகள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஞாயிறு தவறாமல் கோயிலில் நின்று, இறந்தவர்கள் உயிர்ப்பார்கள் என்று நம்புகிறோம் என்று சொல்கிற அதே வாய்கள்தான். அட, அடுத்த நிமிஷமே எழுப்பிவிடுவோம் தாயே என்று கெஞ்சினாலும் ஒருத்தியும் மசிய மாட்டாள்.

அதனால் எங்கள் லாசர் கண்ணுச்சாமிதான். அவன் கிறிஸ்தவனே இல்லை. மேடைப் பலகைகளைத் தன் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன், எங்கள் சண்டையை வேடிக்கை பார்த்துவிட்டு, "சும்மா படுத்துக் கெடக்கறதுதானே மாப்ள? அத நான் வீட்லயே செய்றேன்" என்றான். அன்றைக்குப் படுத்தவன்தான். அவன் மனைவி பாண்டிமீனா மட்டும் சும்மா விடுவாளா? நாடகம் முடிந்து வந்தால் வாசலிலேயே நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றி, பூசணிக்காய் சுற்றி உடைத்துத்தான் உள்ளே விடுவாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் திட்டுவாள். ஏனென்றால் நான்தான் இயேசு.

பெயர் பிரிட்டோ. ஒத்தக்கடையில் டூவீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கெட்ட வார்த்தை சொல்லாமல் ஒரு துருப்பிடித்த நட்டையும் நான் கழற்றியதில்லை. ஆனால் தவக்காலம் தொடங்கிவிட்டால் நான் சாமி. தாடி, முடி வளர்க்க வேண்டும். செருப்பு கூடாது, கறி கூடாது, டீக்கடையில் நிற்கக் கூடாது, சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது. பைக் ரிப்பேருக்கு வருகிறவர்கள் குழந்தையையும் தூக்கிவந்து தலையைத் தொடச் சொல்வார்கள். கிரீஸ் கையாயிற்றே என்றால் பரவாயில்லை சாமி என்பார்கள். கண்ணுச்சாமி ஒருத்தன்தான் அப்போதும் என்னை டேய் என்று கூப்பிடுவான். ஒர்க்ஷாப்புக்குப் பின்பக்கம் கூட்டிப்போய், யாருக்கும் தெரியாமல் பார்சல் டீயும் வடையும் கொடுப்பான். அதைத் தின்கிற நேரம்தான் நான் மனுஷனாக மூச்சு விடுகிற நேரம்.

இந்தச் சட்டமெல்லாம் போடுகிறவர் நாடகத்தை நடத்தும் சவரிராயன் சார். தல்லாகுளத்தில் ஏதோ ஆபீஸில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இயேசு முழுக் கடவுள், முழு மனிதன் என்று ஃபாதர் பிரசங்கம் வைத்தால் சார்தான் முதல் வரிசையில் தலையாட்டுவார். நாடகத்தில் மட்டும் அந்த மனிதனை வெட்டிவிட்டார். வேதத்தில் இயேசுவுக்குப் பசிக்கிறது. களைத்துப்போய்க் கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். படகில் அசந்து தூங்குகிறார். எங்கள் மேடையில் அவர் கடலை அதட்டுவதோடு சரி. தூங்கினால் சனம் கொட்டாவி விடும் என்பார் சார். லாசர் கல்லறை முன்னால் அழுகிற இடத்தையும் எடுத்துவிட்டார். சாமி அழுதால் மூக்கை உறிஞ்சுவது மைக்கில் கேட்குமாம். நான் கையை உயர்த்தி, "லாசரே, எழுந்து வா" என்று முழங்க வேண்டும். கண்ணுச்சாமி எழுந்து வருவான். சனம் கை தட்டும். பொய் சொல்வானேன், அந்தக் கைதட்டலுக்காகத்தான் நான் வருஷம் முழுக்கக் கிரீஸில் கிடந்தேன். வேறு எங்கேயும் என்னைப் பார்த்து ஒருத்தரும் எழுந்து நின்றதில்லை.

இந்த வருஷம் புனித வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை கண்ணுச்சாமி செத்துப்போனான். சமயநல்லூரில் லோடு இறக்கிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தவன், அப்படியே ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டான். மாரடைப்பு என்றார்கள். மறுநாள் காலையில் எடுப்பதாக ஏற்பாடு.

அன்றைக்கு இரவெல்லாம் நான் போகவில்லை. போக விடவில்லை. சவரிராயன் சார் வீட்டுக்கே வந்து, விரதத்தில் இருக்கிறவன் எழவு வீட்டு வாசலை மிதித்தால் தீட்டு, வேஷம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். வேறு ஆள் என்றால் அவருடைய தங்கை மகன். இரண்டு வருஷமாக முடி வளர்த்துக்கொண்டு காத்திருக்கிறான்.

காலையில் பாண்டிமீனாவின் தம்பி முத்துப்பாண்டி ஒர்க்ஷாப்புக்கு ஓடிவந்தான். அக்கா பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாளாம். பெரியவர்கள் சொல்லியும் கேட்கவில்லையாம். பிரிட்டோ அண்ணன் வராமல் எடுக்க விடமாட்டேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். எதற்கு என்று அவனுக்கும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒத்திகைக்குக் கூப்பிட சாரும் வந்து நின்றார். நம்ம வேதத்தில் தீட்டு எங்கே சார் இருக்கிறது என்று கேட்டேன்.

"வேதத்துல இல்ல. ஊர்ல இருக்கு" என்றார்.

"இயேசுவே லாசர் எழவுக்குப் போனாரே சார்."

"அவரு போயி எழுப்புனாரு. நீ போயி என்னய்யா செய்வ?"

வாயைத் திறந்தேன். கெட்ட வார்த்தைதான் வந்தது. தவக்காலம் முழுக்கச் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் மொத்தமாக வந்தது. சார் காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். வேஷம் போய்விட்டது என்று அப்போதே தெரியும். இருந்தும் முத்துப்பாண்டி பைக்கில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தேன்.

தெரு முனையிலேயே தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. தாடியும் தோள்வரை முடியும் வெறுங்காலுமாக நான் இறங்கியதும் அது நின்றுவிட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ரெண்டு பெண்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எழவு வீட்டில்! எனக்கு வழி விட்டார்கள். வழியெல்லாம் வேண்டாம், ஒரு மூலையில் நின்று அழ விட்டால் போதும் என்றிருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் கிடந்தான். தாடையைக் கட்டியிருந்தார்கள், கால் பெருவிரல்களைக் கட்டியிருந்தார்கள். பாண்டிமீனா நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் பெட்டி மூடியைத் திறக்கச் சொன்னாள்.

"நான் ஒரு வருசமும் வந்து பாத்ததில்லண்ணே. நீ கூப்பிட்டா எந்திரிச்சு வந்துருவாருன்னு ஊரே சொல்லும். ஒரு தடவ கூப்பிடு."

ஒரு பெரியவர் அவள் தோளைப் பிடித்து, அது நாடகம் தாயி என்றார். அவள் கையைத் தட்டிவிட்டாள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் மெக்கானிக். எனக்குத் தெரியும். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கே ஆசை வந்தது. யார் கண்டது, இந்த ஒரு தடவை நடந்துவிட்டால் என்ன?

கையை உயர்த்த வரவில்லை. குனிந்து அவன் காதோரம் போனேன். மேடையில் முழங்கிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"டேய் கண்ணுச்சாமி. எந்திரிடா."

அவன் கன்னம் சில்லென்று இருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதேன். பாண்டிமீனா என்னைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள். அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"நீ கூப்பிட்டும் வரலன்னா போயிட்டாருதான்" என்றாள். "எடுங்க."

பாடையைத் தூக்கும்போது நானும் போய் முன்பக்கம் குனிந்தேன். நீங்க தூக்கக் கூடாது சாமி என்று அந்தப் பெரியவர் தடுத்தார்.

"நான் பிரிட்டோண்ணே" என்று சொல்லிவிட்டுத் தோள் கொடுத்தேன். கனமாக இருந்தான்.