அவசரம் ஒன்றும் இல்லை

சூரிச் விமான நிலையத்தில் பேரம் பேசித் தோற்ற முதல் விருதுநகர்க்காரன் நானாகத்தான் இருப்பேன். எனக்கு முன்னால் ஒருவரும் முயன்றிருக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

அப்பாவுக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி. மூட்டைகளுக்கு நடுவில் தும்மித் தும்மி வளர்ந்தவன் நான். அப்பா எனக்குச் சொல்லித் தந்த வியாபாரப் பாடம் ஒன்றுதான்: "வேணும்னு மூஞ்சியில எழுதி ஒட்டிக்கிட்டுப் போகாதடா. வெலை ஏறிரும்." வத்தல் வாங்க வருகிற நல்ல வியாபாரி வத்தலைப் பார்க்கவே மாட்டார். மழையை விசாரிப்பார், மகள் கல்யாணத்தை விசாரிப்பார், கிளம்பும்போது போனால் போகிறதென்று ஒரு கை அள்ளி முகர்ந்து, முகத்தைச் சுளித்துக் கீழே போடுவார். சரக்கு அவருக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நந்திதாவைப் பெண் பார்க்கப் போனபோது அப்பா அவள் இருந்த பக்கமே திரும்பாமல், அந்த வீட்டுத் தரை டைல்ஸ் எந்தக் கடையில் எடுத்தது என்று கால் மணி நேரம் விசாரித்தார். என் மாமனார் அதை இன்னும் மறக்கவில்லை. நந்திதா மறந்ததாகக் காட்டிக்கொள்வதுகூட இல்லை.

இப்படி வளர்ந்தவன்தான் பிள்ளையைத் தத்தெடுக்கக் கிளம்பினேன்.

மூன்று வருடக் காகித வேலை. சூரிச்சை ஒட்டிய ஷ்லீரனில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்கு ஒரு சமூகநல அதிகாரி நாலு முறை வந்து, ஜன்னல் தாழ்ப்பாள் உயரம் வரை அளந்துவிட்டுப் போனார். கடைசியில் திருச்சியில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருந்த ஐந்து வயதுச் சிறுமி எங்களுக்கென்று ஆனாள். பெயர் கோமளவல்லி. இல்லத்துக்குக் கட்டடம் கட்டித் தந்த புண்ணியவானின் தாயார் பெயர். அதைச் சுமக்கிற வயதில்லை என்பதால் எல்லோரும் கோமு என்று கூப்பிட்டார்கள்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு நாங்கள் இருவரும் நேரில் நின்று கையெழுத்துப் போட்டு அவளைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மறுநாள் பொங்கல். விடுமுறை முடிந்ததும் கையெழுத்து வாங்கும் அதிகாரி பயிற்சிக்குப் போகிறார். புதனைத் தவறவிட்டால் பிறகு பிப்ரவரி கடைசிதான்.

திங்கள் மதியம் ஒரு மணிக்கு விமானம். வளைகுடா வழியாகச் செவ்வாய் காலை திருச்சி. ஒரு நாள் உபரியாகவே வைத்திருந்தோம்.

திங்கள் காலை சூரிச்சில் மழை பெய்தது. தரையைத் தொட்டதும் கண்ணாடியாக உறைந்துவிடுகிற மழை. விமானங்கள் இறக்கையில் பனி உருக்கும் மருந்துத் தண்ணீர் அடித்துக்கொள்ள வரிசையில் நின்றன. ஒரு மணி மூன்றானது. மூன்று ஐந்தானது. ஒவ்வொரு முறை பலகையில் நேரம் மாறும்போதும் நந்திதா என் கையைப் பிடித்தாள். பிறகு, கை வலிக்கிறது என்று நான் சொன்னதால், பையின் பிடியைப் பிடித்தாள்.

இரண்டரை மணிக்கு, அதாவது திருச்சியில் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு, இல்லத்துப் பொறுப்பாளர் இந்திரா மேடம் வீடியோ காலில் வந்தார். பக்கத்தில் கோமு, தட்டோடு.

"எப்ப வருவீங்க?" என்று கேட்டாள்.

"இங்க மழைம்மா. பாக்கலாம். அனேகமா..." என்று இழுத்தேன். வியாபாரி வாக்குத் தேதி கொடுக்கமாட்டான், கொடுத்தால் மாட்டிக்கொள்வான்.

"வருவீங்களா, மாட்டீங்களா?"

"வானம் வெளுத்தா..."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை, முகம்கூட மாறவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

இந்திரா மேடம் குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். போன வருஷம் வேற நாட்டுலேர்ந்து ஒரு ஜோடி வரதா இருந்துச்சு. தேதியெல்லாம் சொல்லிட்டோம். கடைசி நேரத்துல வரல. அன்னிக்குப் பூரா வாசல் கேட் பக்கத்துலயே உக்காந்திருந்தா. அதுலேர்ந்து யாரு என்ன சொன்னாலும் 'சரி'ன்னு தலையாட்டுவா. நம்ப மாட்டா. புதன்கிழமை நீங்க வரலைன்னா, பிப்ரவரியில நீங்க வந்தாலும் அவ வரணுமே சார்."

ஐந்து மணிக்குப் பலகையில் எங்கள் விமானத்துக்கு நேராகச் சிவப்பில் 'ரத்து' என்று வந்தது.

மாற்று விமானத்துக்கு ஒரு கவுண்டர், அதற்கு எழுபது பேர் வரிசை. "நீ பைகளைப் பாத்துக்க. பேசுற வேலையை என்கிட்ட விடு" என்றேன். அவளும் நம்பி விட்டாள்.

கவுண்டரில் மஞ்சள் தாடி வைத்த இளைஞர். மிகவும் பண்பாகக் கேட்டார்: "புதனுக்குள் கட்டாயம் போய்ச் சேர வேண்டிய காரணம் ஏதாவது உண்டா? மருத்துவம், நீதிமன்றம், அரசு அலுவலகம், அந்த மாதிரி?"

மனுஷன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள் என்கிறார். என் வாய் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொல்லவில்லையே. முப்பது வருட மண்டி எனக்குள் எழுந்து உட்கார்ந்தது. இவ்வளவு பண்பாகக் கேட்கிறவன் என் தேவையை அளக்கிறான் என்றே பட்டது.

"அவசரம் ஒன்றும் இல்லை," என்றேன், கூரையைப் பார்த்துக்கொண்டு. "பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். உங்களிடம் என்னதான் இருக்கிறது, சொல்லுங்கள், பார்ப்போம்."

தட்டினார். "வியாழன் மாலை. இரண்டு இடம்."

வியாழன்! முதலில் சொல்கிற விலை என்றால் இப்படித்தான் இருக்கும். ஆயிரம் என்பவனிடம் நானூறு என்று சொல்ல வேண்டியதுதான். 'ச்சு' கொட்டினேன். பாஸ்போர்ட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

எங்கள் ஊரில் பத்தடி தாண்டுவதற்குள் "அண்ணாச்சி, நில்லுங்க" என்று குரல் வரும். பத்தடி நடந்தேன். வரவில்லை. பதினைந்தாவது அடியில் நடையைக் குறைத்தேன். இருபதாவது அடியில் ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிந்தேன். நான் போட்டிருந்த ஷூவுக்குக் கயிறு கிடையாது. குனிந்தபடியே கால்களுக்கு நடுவில் திரும்பிப் பார்த்தேன். தாடிக்காரர் எனக்கு அடுத்து நின்ற குடும்பத்திடம் அதே பண்போடு பேசிக்கொண்டிருந்தார்.

மறுபடி வரிசையின் வாலில் போய் நின்றேன். என் முறை வர நாலு பேர் இருக்கையில் கவுண்டரை மூடிவிட்டார்கள். காலை ஒன்பதரைக்குத்தான் திறக்குமாம். ஆளுக்கு இரண்டு சாப்பாட்டுக் கூப்பன் தந்தார்கள். நான் கேட்டு மூன்றாக்கினேன்.

"என்ன ஆச்சு?" என்றாள் நந்திதா.

"பேசிட்டிருக்கேன். காலைல முடிஞ்சிரும்" என்றேன். பொய் இல்லை. யாரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஷ்லீரன் ரயிலில் அரைமணி நேரம்கூட இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு வரலாம் என்றேன். அவள் மறுத்துவிட்டாள். "புள்ளையைக் கூட்டிட்டு வரக் கிளம்பினவ நான். வெறுங்கையோட போய் அந்தக் கதவைத் தொறக்க மாட்டேன்." அந்தக் குரலுக்கு எதிர்ப்பேரம் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பொழுது விடிந்தது.

செவ்வாய் காலை அவள் கைப்பேசியில் விமான நிறுவனத்தின் செய்தி வந்தது. நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அவள் கவுண்டரில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தாள். நான் ஓடினேன்.

தாடிக்காரர் இல்லை. ஒரு இளம்பெண். மார்பில் 'அக்‌ஷயா' என்று பெயர் வில்லை. நந்திதா ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பாதியில் என் பக்கம் திரும்பி, "வியாழக்கிழமைன்னு வந்திருக்கு பரணி! நேத்து என்னத்தைப் பேசின?" என்றாள்.

"நீங்கள் தமிழிலயே கதையுங்கோ அக்கா" என்றாள் அந்தப் பெண், யாழ்ப்பாணத் தமிழில். திரையைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. "இதில 'ஃப்ளெக்ஸிபல்' எண்டு குறிச்சிருக்கு. பொங்கலுக்குப் போகினம், அவசரமில்லையாம். அதாலதான் கடைசி லிஸ்டில போட்டிருக்கினம். ஆர் இப்பிடிச் சொன்னது?"

நந்திதா என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"டைல்ஸ் எங்க எடுத்ததுன்னு கேட்டியா அவங்ககிட்ட?" என்றாள்.

எனக்குப் பின்னால் வரிசையே எங்களை எட்டிப் பார்த்தது. அதில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தத் தொனி எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

அவள் என்னை விட்டுவிட்டுக் கவுண்டர் பக்கம் திரும்பினாள். சுற்றி வளைக்கவில்லை. கைப்பேசியில் கோமுவின் படத்தை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள். "இது எங்க பொண்ணு. நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு நாங்க திருச்சியில நிக்கணும். நிக்கலைன்னா பிப்ரவரி. அதுக்குள்ள அவ எங்களை விட்டுருவா. ஏற்கெனவே ஒருத்தங்க வரேன்னுட்டு வரல. எப்படியாவது எங்களை அனுப்பிருங்கம்மா." அவ்வளவுதான். முகம் முழுக்க எழுதி ஒட்டியிருந்தது. அப்பா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

அக்‌ஷயா படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அதை நேற்றே சொல்லியிருக்கலாமே அண்ணை! இஞ்ச என்ன மீன் சந்தையோ?"

"வத்தல் மண்டி," என்றேன், தெரியாமல்.

அவள் தட்ட ஆரம்பித்தாள். வளைகுடா வழி எல்லாம் நிறைந்திருந்தது. சென்னைக்கு இடமில்லை. பெங்களூருக்கு ஒரே ஒரு இடம். நந்திதா போகலாம், ஆனால் கையெழுத்துக்கு இருவரும் வேண்டும். அக்‌ஷயா பேனாவைக் கடித்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"கொழும்பால போவீங்களோ?"

"கொழும்பா?"

"கம்ப்யூட்டர் அதைக் காட்டாது. எங்கட ஆக்களுக்குத்தான் தெரியும். அக்காவின்ர கலியாணத்துக்குக் கூறைச் சேலை எடுக்க நாங்கள் எல்லாரும் திருச்சிக்கு அதாலதான் போனனாங்கள். கொழும்பில இருந்து ஒரு மணித்தியாலம்கூட இல்லை. விடியப் போய் இறங்கினா, காலமை விமானம் ஒண்டிருக்கு. வெளியில போகாமல் உள்ளுக்கையே மாறலாம்."

கொழும்புக்கு நேர் விமானம் பதினொன்று நாற்பதுக்கு. அதுவும் நிறைந்ததுதான். ஆனால் ஜெனீவாவிலிருந்து வரவேண்டிய இரண்டு பேர் பனியில் மாட்டிக்கொண்டு வரவில்லை. அந்த இடங்களுக்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டும். அக்‌ஷயா தொலைபேசியை எடுத்து சுவிஸ் ஜெர்மனில் பொரிந்தாள். எனக்குப் புரிந்தது 'கிண்ட்' என்ற ஒரு சொல்தான்: குழந்தை. அதை ஆறு தரம் சொன்னாள். கடைசித் தரம் சொல்லும்போது கவுண்டரில் ஓங்கி ஒரு தட்டு. பிறகு போனை வைத்தாள்.

"ஓமெண்டிட்டார்."

நந்திதா கவுண்டர்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"ஆனால் ஒண்டு. பெட்டியள் வராது. கீழ எங்கயோ கிடக்கு. ரெண்டு மூண்டு நாள் பிந்தும். பெட்டி வேணுமெண்டால் நீங்கள் போகேலாது."

பெட்டிகளில் கோமுவுக்கு வாங்கிய பனிக்கால உடுப்பு, இல்லத்துப் பிள்ளைகள் நாற்பது பேருக்குச் சாக்லேட், எங்கள் மாற்றுத் துணி எல்லாம் இருந்தன. பழக்கதோஷம், வாய் திறந்துவிட்டது. "ரெண்டுல ஒரு பெட்டியாவது..."

நந்திதாவின் குதிகால் என் பாதத்தில் இறங்கியது.

"சரி," என்றேன்.

சொன்ன விலைக்கே ஒப்புக்கொண்டேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அக்‌ஷயா சீட்டுகளை அச்சடித்து நீட்டினாள்.

"பிள்ளைக்கு என்ன பேர்?"

"கோமளவல்லி."

"ஐயோ கடவுளே! அஞ்சு வயசுக்கோ?" என்று சிரித்தாள். "கெதியா ஓடுங்கோ. சோதனைக்கு வரிசை நிக்கும். அண்ணை, அங்கயும் அவசரமில்லை எண்டு சொல்லிப்போடாதேங்கோ."

ஓடினோம். பதினொன்று பத்துக்கு, மூச்சிரைக்க, விமானத்துக்குள் எங்கள் இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். முப்பத்தொன்றாவது வரிசை, கழிவறைக்கு முன்னால், சாயாத இருக்கைகள். அதைவிட நல்ல இடத்தில் நான் என் வாழ்நாளில் உட்கார்ந்ததில்லை. வெளியே மழை விட்டிருந்தது. ஓடுபாதையில் விமானங்கள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்திருந்தன.

நந்திதா இந்திரா மேடத்தைக் கூப்பிட்டாள். கோமுவைக் கூப்பிடச் சொன்னாள். அங்கே மாலை நேரம். முட்டிவரை மண்ணோடு வந்து நின்றாள்; யார் என்று பார்த்ததும் தலையாட்டுவதற்குத் தயாரானாள். நான் போனை வாங்கிக்கொண்டேன்.

"கோமு, நாங்க பிளேன்ல ஏறிட்டோம். இதோ பாரு, சீட்டு. இதோ ஜன்னல். நாளைக்குக் காலைல பத்தரைக்கு உன்கிட்ட வரோம்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். பெல்ட்டைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். இழுத்துக் காட்டச் சொன்னாள். இழுத்துக் காட்டினேன்.

"பத்து மணிக்கு வாங்க," என்றாள்.

"பத்தரைம்மா."

"பத்து."

"பத்தே கால்."

யோசித்தாள். உதட்டைச் சுழித்தாள். விருதுநகரில் இந்தச் சுழிப்புக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று குறைப்பார்கள். "சரி," என்றாள். என்னவோ எனக்குச் சலுகை காட்டுவதுபோல்.

"அப்ப நான் போய்க் குளிக்கிறேன்."

"அடியே, அவங்க நாளைக்குத்தான்டி வராங்க!" என்று இந்திரா மேடம் குரல் கேட்டது.

"இருக்கட்டும்."

போன் கீழே வைக்கப்பட்டது. திரையில் உத்தரமும் ஒரு டியூப்லைட்டும். தூரத்தில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம். யாரோ சோப்புக்குச் சண்டை போட்டார்கள். நந்திதா என் தோளில் சாய்ந்து, அந்த டியூப்லைட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதாள்.

விமானப் பணிப்பெண் வந்து குனிந்தாள். கதவு சாத்திவிட்டார்கள், போனை அணைக்க வேண்டும் என்றாள்.

"ஒரே நிமிஷம்," என்றாள் நந்திதா. "எங்க பொண்ணு குளிச்சிட்டிருக்கா."

பணிப்பெண் திரையைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, அடுத்த வரிசைக்குப் போய் அங்கே பெல்ட்டுகளைச் சரிபார்த்தாள், நிதானமாக.

ஈரத்தலையோடு ஒரு முகம் திரையை மறைத்தது. எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொண்டது.

"ம், கிளம்புங்க" என்றாள் கோமளவல்லி.

விமானம் நேரத்துக்குக் கிளம்பியது.