வீக்கம் என்று சொன்னவள்

மனோர் பார்க்கில் பியற்றிஸ் என்றொரு மனிசி இருக்கிறா, பிள்ளையள். கோயில் பங்கில் யாருக்கு வருத்தம் வந்தாலும், டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல அவதான் கூடப் போவா. அண்ணன் பெனடிக்ற்றுக்கும் அப்படித்தான். முப்பது வருஷம் லண்டனில் பஸ் ஓட்டியவர், ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பார். டொக்டர் வாய் திறந்தால் மட்டும் தங்கச்சியின் முகத்தைப் பார்ப்பார்.

அவருக்குச் சலரோகம், சீனி வருத்தம். போன வருஷம் டொக்டர் கிழமைக்கு ஒருக்கால் போடுகிற ஊசியொன்றை எழுதினார். இது சீனிக்கு மட்டுமில்லை, இரத்தக் குழாய்களுக்குள் இருக்கிற இன்ஃபிளமேஷனையும் குறைக்கக்கூடும், மாரடைப்பு வருகிற ஆபத்தும் அதனால் குறையலாம் என்று ஆறுதலாக விளக்கினார். பியற்றிஸ் அந்தச் சொல்லில் தடக்குப்பட்டா. அழற்சி என்பது புத்தகத்தில் கிடக்கிற சொல், எங்கட வாயில் வராது. டொக்டர் தந்ததோ பத்து நிமிஷம்.

"வீக்கத்துக்கும் இதயத்துக்கும் நல்லதாம் அண்ணை."

குழாய்க்குள் என்பது விடுபட்டுப் போச்சுது. அவவைக் குறை சொல்லாதேங்கோ.

ஆறு மாதத்தில் சீனி இறங்கியது. ஓங்காளம்தான் விடவில்லை. ஊசி போட்ட மறுநாள் சோற்று மணமே அவருக்கு ஆகாது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, காலுறையைக் கழற்றித் தங்கச்சிக்கு முன்னால் காலை நீட்டினார்.

"பார், கலியாண மாப்பிள்ளையின்ர கால் மாதிரிக் கிடக்கு. வீக்கம் எங்க?"

பியற்றிஸும் சிரித்தா. அவர் ஊசியை நிப்பாட்டிவிட்டார் என்பது அவவுக்கு அப்போது தெரியாது.

தை மாதம் பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவர் பிறகு எழும்பவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட, பால் எடுக்க பியற்றிஸ் பிறிட்ஜைத் திறந்தா. உள்ளே பிரிக்காத ஊசிப் பெட்டிகள் நாலு.

தனியாகப் போய் டொக்டரிடம் கேட்டா, ஊசியை விடாமல் போட்டிருந்தால் அண்ணன் இருந்திருப்பாரா என்று. ஆயிரக்கணக்கான ஆக்களைச் சேர்த்துப் பார்த்தால் ஆபத்துக் குறைகிறது, ஒரு மனிதனை மட்டும் வைத்து ஓம் என்றும் இல்லை என்றும் சொல்ல ஏலாது என்றார் அவர். எத்தனையோ பேருக்கு டொக்டரின் பேச்சைத் தமிழில் சொன்னவ, அந்தப் பதிலைத் தனக்கே சொல்லிக்கொள்ளத் தெரியாமல் பஸ் ஏறினா.

முப்பத்தோராம் நாள் நினைவுச் செபத்தன்று குசினியில் மச்சாள் பிலோமினம்மா, பெனடிக்ற்றின் மனைவி, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. பியற்றிஸ் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னா:

"நான்தான் மச்சாள் பிழையாச் சொன்னனான். டொக்டர் சொன்னது காலில வாற வீக்கம் இல்லை."

பிலோமினம்மா நிமிரவில்லை.

"ஒவ்வொரு நாளும் பெருவிரலால அவற்ற காலை அமத்திப் பாத்தது நான். வீக்கமெண்டாப் பள்ளம் விழவேணும், விழேல்லை, இனி ஊசி வேண்டாம், வாய்க்கு ருசியாச் சாப்பிடுங்கோ எண்டதும் நான்தான்."

பியற்றிஸ் பக்கத்தில் குந்தி, வெங்காயத்தில் பாதியைத் தன் பக்கம் இழுத்தா. முன்னறையில் செபமாலை தொடங்கிவிட்டது. இரண்டு பேரும் எழும்பிப் போகவில்லை.